வியாழக்கிழமை போய்விட்டவர்

வெள்ளவத்தை அடகுக்கடை அடைக்கப்பச் செட்டியாரை அரசாங்கம் நாட்டை விட்டுப் போகச் சொன்னது. அவரும் "சரிங்கய்யா, போறேன்" என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. போகமாட்டேன் என்று அடம்பிடித்திருந்தால் என்ன செய்வதென்று அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் படிவம் இருந்தது, பொலிஸ் இருந்தது, ஏற்றிப்போக லொறிகூட இருந்தது. சொன்ன சொல் கேட்டுப் புறப்படுகிற மனிதனுக்கென்று அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. அடைக்கப்பனுக்கு ஊர் தேவகோட்டை. கடை முதலாளியுடையது; இவர் ஏசண்டு. மூன்று வருஷம் கொழும்பில் கடையைப் பார்ப்பது, ஆறு மாதம் ஊரில் இருப்பது, மறுபடி மூன்று வருஷம் கொழும்பு. பத்தொன்பது வயதில் தொடங்கிய ஓட்டம். நாகம்மையைக் கட்டி இருபத்துநாலு வருஷம் ஆகிறது. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நாலு வருஷம் தேறாது. பிள்ளையும் இல்லை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நாகம்மை, "இந்தத் தடவையோட வந்துருங்க, போதும்" என்பாள். "ஆகட்டும்" என்பார். அடுத்த தடவையும் அதே பேச்சு, அதே பதில்.

ஆகவே தற்காலிக வதிவிட அனுமதியை இனிப் புதுப்பிப்பதில்லை, ஏப்ரல் ஆறாம் திகதி சனிக்கிழமையோடு சரி என்று கடிதம் வந்தபோது, செட்டியார் தெருவில் மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அடைக்கப்பன் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். நாகம்மை கேட்டதை முதலாளி தரவில்லை, கடவுளும் தரவில்லை, கடைசியில் அரசாங்கம் தந்திருக்கிறதே என்று நினைத்தார். நல்ல மனுஷர், அப்படித்தான் நினைப்பார்.

அதே கிழமையில் மைத்துனன் உலகப்பனிடமிருந்து கடிதம் வந்தது. நாகம்மைக்கு வயிற்றில் கட்டி. மதுரைப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரை வரச்சொல்லுங்கள் என்றாராம். அத்தான் சுணங்க வேண்டாம் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தான்.

அடைக்கப்பன் அன்றைக்கே கோட்டை ஸ்டேஷனுக்கு ஓடினார். தலைமன்னார் ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது. அனுமதி முடிந்து மூன்று நாள் கூடுதல். அதைவிடப் பெரிய சங்கடம், செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். உடம்பு சுகமில்லாத பெண்டாட்டியைப் பார்க்கச் சூலத்துக்கு எதிரே போகிற செட்டி உலகத்தில் உண்டா?

அதற்கும் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், அவனுடைய பெட்டியைக் கிளப்பி, போகிற திசையிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியது. பெட்டி போனால் ஆள் போன மாதிரி. அப்புறம் தோதுப்பட்ட நாளில் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். பயணம் தொடங்கியது என்னவோ பெட்டி போன நாளில்தான்.

வெள்ளவத்தைக்கு வடக்கே அவருக்குத் தெரிந்த வீடு கொட்டாஞ்சேனையில் வலன்ரைனுடையது. வலன்ரைன் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கந்தோர் வாசலில் வாகைமரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து சனங்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதுகிறவர். அவருடைய மனைவி யோசெப்பினின் சங்கிலி வருஷாவருஷம் நத்தார்ப் பண்டிகைக்குச் செட்டியாரின் கடைக்கு வந்து, உயிர்த்த ஞாயிறுக்குள் கழுத்துக்குத் திரும்பிவிடும். அப்படி ஏற்பட்ட சிநேகிதம். நாலாம் திகதி, வளர்பிறை வியாழக்கிழமை, நல்ல நேரம் பார்த்து அடைக்கப்பனின் தகரப் பெட்டி கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தோனியார் படத்துக்குக் கீழே உட்கார்ந்தது.

"இதென்னப்பா, செட்டியார் இங்கயோ தங்கப் போறார்?" என்றாள் யோசெப்பின்.

"இல்லையப்பா, அவர் ஊருக்குப் போயிட்டார்" என்றார் வலன்ரைன். "பெட்டி மட்டுந்தான் நிக்குது."

"அப்ப உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?"

அடைக்கப்பன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அந்தக் கேள்வியை அன்று கேட்டது யோசெப்பின் ஒருத்திதான். அரசாங்கத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் கூடுதலாக நிற்கப்போவதைச் சொல்லாமல் கொள்ளாமல் போவது முறையில்லை என்று அடைக்கப்பனுக்கு மனசு உறுத்தியது. நேரே கந்தோருக்குப் போனார். அதன் முழுப்பெயர் வந்தோர் போனோர் கட்டுப்பாட்டுத் திணைக்களம். மூன்று மாடி. கீழ்மாடியில் போனோர், நடுமாடியில் வந்தோர், மேல்மாடியில் இரண்டுக்கும் மேற்பட்டவர்கள். கீழே பத்து மணிக்குத் திறக்கும் கவுண்டரில் பதினொன்றரைக்கு வந்து உட்கார்ந்தான் ஒஸ்வால்ட் என்ற கிளாக்.

இருபத்தேழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று கிடைத்தது. தகப்பன் பேர், தகப்பனைப் பெற்றவன் பேர், உடம்பில் மச்சம், கடைசியாக அம்மை குத்திய இடம் எல்லாம் எழுதினார். பத்தொன்பதாவது கேள்வி: பயணத் திகதி. அடைக்கப்பன் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பெட்டி வியாழக்கிழமை போயாகிவிட்டது. இப்போது போய் ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை என்று கைப்பட எழுதினால், செய்த பரஸ்தானம் கெட்டது, சூலம் திரும்பி வந்து நாகம்மையின் வயிற்றில் குத்தும். பொய்யும் சொல்லக்கூடாது. நாலாம் திகதி என்று எழுதினார்.

ஒஸ்வால்ட் பார்த்தான். "நாலாந் திகதியோ? இண்டைக்கு அஞ்செல்லோ."

"ஆமாங்கய்யா. நேத்தே கெளம்பியாச்சு."

"டேட்டுக்கு முந்தியே போயிட்டீங்கள்?"

"நல்ல நாளாப் பாத்துக் கெளம்பியாச்சுங்க."

ஒஸ்வால்ட் பதினோரு வருஷமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். கெடுவுக்கு முந்தி ஒரு மனுஷன் போய் அவன் கண்டதில்லை. சந்தோஷம் தாங்காமல், "வெரி குட்! ஓவர்ஸ்டே இல்லை, ஃபைன் இல்லை, ஒண்டும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அனுமதிச் சீட்டை வாங்கி ஃபைலில் வைத்துக் கட்டி, பாஸ்போட்டில் 'நாலாம் திகதி வெளியேறினார்' என்று முத்திரை குத்தினான். போனவர் எப்படி எதிரே நிற்கிறார் என்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். முகத்தைப் பார்ப்பது பக்கத்துக் கவுண்டரின் வேலை. பக்கத்துக் கவுண்டர் சாப்பிடப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை அடைக்கப்பன் கொட்டாஞ்சேனையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். மறுநாள் காலை தலைமன்னார்த் துறையில் கப்பல் தயாராக நின்றது. அங்கிருந்த உத்தியோகத்தர் பாஸ்போட்டைப் புரட்டினார், முத்திரையைப் பார்த்தார், அடைக்கப்பனைப் பார்த்தார்.

"நீங்கள் போன வியாழக்கிழமையே போயிட்டீங்கள்."

"ஆமாங்கய்யா. இப்பப் போயிக்கிட்டிருக்கேன்."

"ஒரு அனுமதிக்கு ஒருதரந்தான் போகலாம், ஐயா. ரெண்டாந்தரம் போறதெண்டால் நடுவில ஒருக்கா வந்திருக்க வேணும். வந்த முத்திரை எங்க?"

"நான் வரவே இல்லீங்களே."

"வராத ஆளை நான் எப்பிடி அனுப்புறது?" என்றார் உத்தியோகத்தர். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "கொழும்புக்குப் போய்ச் சரிப்படுத்திக்கொண்டு வாங்கோ."

கப்பல் ஊதிக்கொண்டு போனது. அதன் பின்புறம் புள்ளியாகும் வரைக்கும் அடைக்கப்பன் துறையிலேயே நின்றார். அக்கரையில் தனுஷ்கோடி. அங்கிருந்து ஒரு பொழுது ரயில் பயணம், நாகம்மை.

திரும்பி வந்ததும் பெட்டியை மறுபடி அந்தோனியாருக்குக் கீழேயே வைக்கும்படியாயிற்று. பரஸ்தானம் போன பெட்டி வீடு திரும்பினால் பயணம் அடியோடு கெட்டுவிடும். ஆகவே பெட்டி கொட்டாஞ்சேனையில், ஆள் உடுத்த வேட்டியோடு வெள்ளவத்தையில். பூட்டிக் கிடந்த கடையின் மாடி அறையில், மாற்றுத் துணிக்கு ஒரு துண்டோடு படுத்துக்கொண்டார். அதிகாரிகள் ஃபைலைப் பார்த்து நடந்தார்கள், இவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து நடந்தார். இரண்டு பக்கமும் சளைக்கவில்லை.

கந்தோரில் ஒஸ்வால்ட் அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டான். "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடேயெண்ட மாதிரியெல்லோ கிடக்கு! எந்த வழியால வந்தனீங்கள்?"

அடைக்கப்பன் பெட்டியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஒஸ்வால்ட் பொறுமையாகக் கேட்டான். "விளங்குது. ஆனால் ஃபைல் குளோஸ். போன ஃபைலைத் திறக்க எனக்குப் பவர் இல்லை. நீங்கள் இப்ப இந்த நாட்டில நிக்கிறபடியால் வந்தவர். வந்தவைக்கு நடுமாடி."

நடுமாடியில் வந்தோர் பகுதித் தலைவர் பதியுதீன். வெற்றிலைச் செப்பும் வெள்ளைத் தொப்பியுமாக, பார்த்தால் கும்பிடத் தோன்றும் மனிதர்.

"எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"கப்பல்ல வரலீங்க."

"பிளேனா?"

"இல்லீங்க."

"அப்ப கள்ளத்தோணி" என்றார் பதியுதீன், கோபமே இல்லாமல். "பயப்படாதீங்க செட்டியார். அதுதான் லேசான வழி. கள்ளத்தோணீல வந்தேண்டு எழுதித் தாங்க. ரெண்டு நாள்ல புடிச்சு, அரசாங்கச் செலவுல கப்பலேத்தி அனுப்பிடுவோம். மத்தவங்க அழுது கத்துவாங்க. ஒங்களுக்கு அதுதானே தேவை?"

அடைக்கப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் பேனையை எடுத்ததும் கை வரவில்லை. "ஏறாத தோணியில வந்தேன்னு எப்படிங்கய்யா எழுதுறது? எங்க வீட்டு ஆச்சி அங்க உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கா. நான் இங்க பொய் எழுதினா அது அவ தலையில விடியும்."

வாகைமரத்தடியில் வலன்ரைன் இதைக் கேட்டு டைப்ரைட்டரைத் தள்ளி வைத்தார். "பொய் எழுதமாட்டீங்கள் எண்டால் உண்மையாவே தோணியில வாங்கோவன், செட்டியார்" என்றார். முகத்துவாரத்தில் அவருக்குத் தெரிந்த வள்ளக்காரன் இருந்தான். பெயர் இராமர். காலையில் அடைக்கப்பனை ஏற்றிக்கொண்டு துறைமுக அலைதாங்கிக்கு அப்பால் கடலுக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினான். வாழ்க்கையில் கப்பல் தவிர வேறெதிலும் கடலேறாத அடைக்கப்பன் குடலைப் பிடுங்கி வாந்தியெடுத்தார். ஆனாலும் ஈரக்காலோடு மணலை மிதித்தபோது முகத்தில் ஒரு நிறைவு. தோணியில் வந்தாயிற்று, அதில் எள்ளளவும் பொய்யில்லை.

பதியுதீன் விசாரணைப் புத்தகத்தை விரித்தார். "இலங்கைக்குக் கூட்டிவந்தது ஆரு?"

"இராமருங்க."

பதியுதீன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "எங்கேந்து ஏறினீங்க?"

"முகத்துவாரத்துலேர்ந்து."

"எங்க எறங்கினீங்க?"

"முகத்துவாரத்துல."

பதியுதீன் பேனையை வைத்தார். "செட்டியார், கொழும்புலேந்து கொழும்புக்கு வர விசா தேவல்ல. இதுல குத்தமே இல்லயே. நீங்க போகலாம்."

"எங்கங்கய்யா போகலாம்?"

"ஒங்க ஊருக்குத்தான்."

"அதுக்குத்தானேங்கய்யா விடமாட்டேங்கிறீங்க!"

"நான் எங்க தடுத்தேன்? குத்தமில்லாத ஆள நாடுகடத்த எனக்கு அதிகாரமில்லண்டு செல்றேன். நீங்களாப் போறதெண்டாக் கீழ்மாடி."

கீழ்மாடியில் ஒஸ்வால்ட் நடுமாடி என்றான். சாண் ஏற முழம் சறுக்கினால்கூடப் பரவாயில்லை, ஒருநாள் அடிக்காவது வந்து சேரலாம். இங்கே ஏறவும் முடியவில்லை, விழவும் முடியவில்லை. ஏப்ரல், மே, ஜூன் போய் ஜூலை வந்தது. அவருடைய பேர் போனவர்களின் பட்டியலில் இருந்ததால் அரிசிக் கூப்பன் நின்றது. வெள்ளவத்தைத் தபால்காரன், "ஆள் வெளிநாடு" என்று எழுதி ஊர்க் கடிதம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். அதன்பிறகு கடிதங்களை வலன்ரைனின் விலாசத்துக்கு வரவழைத்தார். ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியால் போனபோது, கடை வாசலில் அருச்சனைத் தட்டோடு நின்றவரைப் பழைய வாடிக்கைக்காரி கனகேஸ்வரி ரீச்சர் கண்டுவிட்டு, "செட்டியார் எப்ப வந்தனீங்கள்?" என்று ஆசையாக விசாரித்தாள். அடைக்கப்பன் சாமியைக் கும்பிட்டார்.

உலகப்பனின் அடுத்த கடிதத்தில் கடைசி மூன்று வரி நாகம்மையின் கையெழுத்தில் இருந்தது. கோணல்மாணலாக, படுத்தபடி எழுதியது. 'எனக்கு இப்போ எழுந்திருக்க முடியலை. நீங்க வர்ற வரைக்கும் இருப்பேன்னு டாக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். என்னை ரொம்ப நாள் இருக்கச் சொல்லாதீங்க, வலிக்குது.'

அடைக்கப்பன் கொட்டாஞ்சேனை வீட்டில் தன் பெட்டிமேல் உட்கார்ந்து அதைப் படித்தார். படித்துவிட்டுப் பிள்ளையைப் போல் அழுதார். இருபத்துநாலு வருஷமாக அவள் கேட்டது வந்துவிடு என்கிற இது ஒன்றுதான், அதையும் என்னால் செய்ய முடியவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதார். யோசெப்பின் பெட்டிக்குமேல் இருந்த அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். வலன்ரைன் சட்டையை மாட்டிக்கொண்டு, "எழும்புங்கோ செட்டியார், நேரா உச்சாணிக்கே போவம்" என்றார்.

உச்சாணி என்றால் மேல்மாடி, உதவி ஆணையாளர் அறை. அங்கே தரையில் கம்பளம், சுவரில் ஒரு பெரிய வரைபடம். துரை இங்கிலீசில் பேசினார். வலன்ரைன் வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன், செட்டியார். எனக்கும் மனைவி இருக்கிறாள். ஆனால் எங்கள் திணைக்களத்தைப் பற்றி வெளியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அந்நியர்களை அனுப்புவதுதான் எங்கள் வேலை என்கிறார்கள். அப்படி அனுப்பினால் இரண்டு வருஷத்தில் வேலை முடிந்துவிடுமே! இந்தக் கட்டடத்தில் இருநூற்றுப் பதினான்கு உத்தியோகத்தர்கள், அத்தனை பேரும் குடும்பஸ்தர்கள். கடைசி அந்நியன் கப்பலேறுகிற அன்று நாங்கள் எங்கே போவது? ஆகவே அந்நியர்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் போய் முடிந்துவிடக் கூடாது. இதுதான் கொள்கை. இதை நான் வெளியில் சொல்வதில்லை."

அடைக்கப்பன் கைகூப்பியபடி நின்றார். "அந்த முத்திரைய மட்டும் அழிச்சுக் குடுத்தாப் போதுங்க."

வலன்ரைன் சொன்னதைக் கேட்டதும் துரை நாற்காலியில் நிமிர்ந்தார். "அழிப்பதா? ஏப்ரல் மாதத்தில் சொன்ன கெடுவுக்குள் ஒழுங்காக வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்று சபையில் கேள்வி கேட்டார்கள். ஒருவர் என்று பதில் கொடுத்தோம். மேசையைத் தட்டி வரவேற்றார்கள். அந்த ஒருவர் நீங்கள். உங்களைத் திரும்ப எடுத்தால் எங்கள் வெற்றி பூச்சியமாகிவிடும். ஒரு பெண்ணின் வயிற்றுவலிக்காக ஓர் அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தை மாற்றச் சொல்கிறீர்களா?"

கடைசி வரியை மட்டும் வலன்ரைன் மொழிபெயர்க்கவில்லை. அடைக்கப்பனுக்கு விளங்கிவிட்டது.

ஆனால் துரை கல்நெஞ்சக்காரர் அல்ல. கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இரக்க அனுமதி என்று ஒன்று இருப்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். ஒரு மனிதன் எப்படி வந்தான் என்று கேட்காத ஒரே படிவம் அதுதான். தக்க காரணம் காட்டினால், ஒரே ஒரு பயணத்துக்காக அவனை நாட்டுக்குள் இருப்பவனாகக் கருதி வெளியே அனுப்பலாம். ஏப்ரல் கணக்கும் கெடாது. "அதோடு வெளியேறியவர் இரண்டு என்றாகிவிடும்" என்று சொல்லும்போது துரையின் முகம் மலர்ந்தது. காரணம்: மனைவியின் நோய். டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழ் ஜூலைக் கடைசியில் வந்தது. பதியுதீன் அதைத் திருப்பிக் கொடுத்தார். "இனிச் சுகமாக வாய்ப்பில்லண்டு எழுதி ஈக்குது. சுகமாகாதெண்டா அது நோயில்ல, செட்டியார், அது நெலம. நெலமைக்கு இரக்க அனுமதி இல்ல. சுகமாகிறதுக்கு எடம் ஈக்குதுண்டு எழுதி எடுங்க."

டாக்டர் மறுபடி எழுதினார். இந்தத் தடவை, நோயாளி தேறி வருகிறார் என்று எழுதிவிட்டார், பாவம், உதவி செய்கிறேன் என்று நினைத்து. தேறி வருகிறவளைப் பார்க்க என்ன அவசரம் என்று அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவது சான்றிதழைக் கந்தோரிலேயே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் தேவகோட்டைக்கு அனுப்பினார்கள். கந்தோரின் சொற்படி நாகம்மை கடுமையாகவும், ஆனால் நம்பிக்கைக்கு இடந்தரும் வகையிலும் நோயுற்றிருந்தாள்.

செப்டம்பர் பதினெட்டாம் திகதி இரக்க அனுமதி கையில் கிடைத்தது. அன்று மாலை ரயில். கந்தோரில் சொல்லிவிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் பெட்டி எடுக்க வந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு யோசெப்பின் தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனாள். அடைக்கப்பன் பெட்டியைத் திறந்து, நாகம்மைக்கு ஏப்ரலில் வாங்கி வைத்த சேலையைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். அரிக்கவில்லை.

அப்போதுதான் தந்திக்காரன் வந்தான். வலன்ரைன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தார். பிறகு, "செட்டியார்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

நாகம்மை காலையில் ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

அடைக்கப்பன் சேலையை மடித்தார். மடிப்பு ஒன்றோடொன்று சேரவில்லை. விரித்து மறுபடி மடித்தார். சாவுச் செய்தி கேட்டால் உடுத்த துணியோடு தலைமுழுக வேண்டும். எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனார். யோசெப்பின் கண்ணீரோடு ஓடிப்போய் வாளியைத் தூக்கினாள்.

"நில்லப்பா" என்றார் வலன்ரைன். அவர் கையில் இரக்க அனுமதி இருந்தது. பெட்டிசக்காரருக்குச் சின்ன எழுத்தைப் படிக்கும் வியாதி உண்டு. "கீழ போட்டிருக்கிறாங்கள் செட்டியார். 'காட்டிய காரணம் நிலவும் வரை மட்டும் செல்லுபடியாகும்.' காரணம் ஆச்சியின்ர வருத்தம், அந்த நோய். இப்ப வருத்தம் இல்லையெண்டு தெரிஞ்சால் தலைமன்னாரில திருப்பிப் போடுவாங்கள். பிறகு மரணச் சான்றிதழ், புது மனு, புது விசாரணை. அங்க உங்களைக் காணாமல் பிரேதத்தைத் தூக்கமாட்டினம். நீங்கள்தான் கொள்ளி வைக்க வேணும். தலை நனைஞ்சிருந்தால் கேப்பாங்கள். கண் சிவந்திருந்தாலும் கேப்பாங்கள்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடைக்கப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏறாத தோணியில் வந்ததாக எழுத மறுத்த மனுஷர்.

"பெட்டியக் குடுங்க" என்றார்.

மறுநாள் காலை தலைமன்னாரில் அதே உத்தியோகத்தர். அடைக்கப்பனை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார். "எல்லாம் சரிவந்திட்டுதோ! நல்லது, நல்லது." அனுமதியை வாசித்தார். கீழே அவர் நிரப்ப ஒரு வரி இருந்தது. "நோயாளியின்ர இண்டைய நிலைமை எண்டு கேட்டிருக்கு. பயணியின்ர வாயால கேட்டு எழுத வேணுமாம். மிஸ்ஸிஸுக்கு இப்ப எப்பிடி?"

அடைக்கப்பன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். உத்தியோகத்தர் பேனையோடு காத்திருந்தார்.

"அப்படியேதாங்க இருக்கா" என்றார் அடைக்கப்பன். "மாத்தம் ஒண்ணும் இல்ல."

"மாற்றமில்லை" என்று எழுதினார் உத்தியோகத்தர். "மாற்றமில்லாட்டி நல்லதுதான் செட்டியார். யோசியாதேங்கோ. நீங்கள் போய் முகத்தைக் காட்டினால் மனிசி எழும்பி இருந்திடும்." முத்திரை விழுந்தது.

கப்பல் புறப்பட்டது. வெயில் ஏறியது. எல்லாரும் நிழலுக்குப் போன பிறகும் அடைக்கப்பன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றார். கண்ணை இமைக்காமல் வைத்திருந்தார். தளத்தைக் கழுவிக்கொண்டு வந்த கப்பல்காரன் ஒருவனிடம், "தம்பி, இலங்கை எல்லை தாண்டியாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்கய்யா. அந்தா தெரியுதே மணல்திட்டு, அதைத் தாண்டணும்."

மணல்திட்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தது, மெதுவாகப் பின்னுக்குப் போனது. கப்பல்காரன் மறுபடி அந்தப் பக்கம் வந்தபோது அவரே மறித்தார்.

"இப்ப?"

"இப்பத் தாண்டியாச்சுங்க."

"நல்லாத் தெரியுமா?"

"தெனம் போறேன்யா, தெரியாதா? ஏன் கேக்குறீங்க?"

"அந்த வாளியில கொஞ்சம் கடத்தண்ணி மொண்டு தர்றியா, தம்பி?" என்றார் அடைக்கப்பன். "எம் பொண்டாட்டி நேத்துச் செத்துப் போயிட்டா. தலை முழுகணும்."